கிளம்பாத ரிசல்ட்

"மேடம், காலையிலேருந்து லேப்டாப்பைச் சொருகிட்டு உக்காந்திருக்கேன். அந்த லேப் மெஷின் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கு. செத்துப்போய்க் கெடக்கு."

போனில் இப்படிப் புலம்பியவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்திரண்டு. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்க்கிறவர்.

மறுமுனையில் ரஹ்மத் நிஷா. வயது முப்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நெட்வொர்க் வகுப்பு நடத்துகிறவர்.

குரு சின்னவர், சிஷ்யர் பெரியவர். அதில் ஆவுடையப்பனுக்கு ஒரு குறையும் கிடையாது. கேட்ட கேள்விக்கு இந்தப் பெண் ஒரு நாளும் நேராகப் பதில் சொல்ல மாட்டேங்குதே என்பதுதான் அவருடைய குறை.

"எங்க சொருகியிருக்கீங்க அண்ணாச்சி?"

"அதே சுவிட்சுலதான். மெஷின் மூணாவது போர்ட்டுல இருக்கு. நான் பதினேழுல இருக்கேன்."

"மெஷின் யாருக்கு அனுப்புது?"

"சர்வருக்கு."

"உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு மேடம் அனுப்பப் போவுது?"

"பெறவு என்ன?"

போன் கட்டாகிவிட்டது.

ஆவுடையப்பன் போனை முறைத்தார். பெறவு என்னவாம்! பீஸ் கட்டிப் படித்த ஆளிடம் பேசுகிற பேச்சா இது? போனை மேஜை மேல் தொப்பென்று போட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்டர்காம் வயர் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்த மனிதர். முதன்முதலில் அவர் பழகியது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஹப் பெட்டியோடு. அதில் ஒருத்தன் பேசினால் எட்டுப் பேருக்கும் கேட்கும். எந்தப் போர்ட் ஓட்டையில் சொருகினாலும் ஊர்க்கதை பூராவும் வந்து கொட்டும். பிறகு ஹப்பைக் கழற்றிவிட்டு சுவிட்ச் மாட்டினார்கள். மாட்டியவரே ஆவுடையப்பன்தான். ஆகிறது பதினைந்து வருஷம். யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிற பெட்டி அது என்பதை இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் ஒரு தடவை யோசித்துப் பார்த்ததில்லை. என்னத்தைச் சொல்ல!

சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு பைக்கில் ரஹ்மத்தின் வகுப்புக்குப் போனார்.

"மேடம், எனக்கு வராததை நான் எப்படித்தான் பாக்க?"

"சுவிட்சுகிட்ட சொல்லணும்."

"என்னன்னு?"

ரஹ்மத் ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார்.

"மிர்ரர்னு பேரு. எந்தப் போர்ட்டைப் பாக்கணுமோ அதைச் சொல்லுங்க. அதுல போறது வாரது எல்லாத்துலயும் ஒரு காப்பி உங்க போர்ட்டுக்கு வரும். அசல் அதும்பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

"இம்புட்டுத்தானா? இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்லா!"

"நீங்க கேக்கலயே. மெஷின் செத்துப்போச்சுன்னுல்லா சொன்னீங்க."

ஆவுடையப்பன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோபத்தில் நன்றி சொல்ல மறந்துபோனார்.

விஷயம் இதுதான். ஒரு மாசமாக அந்த ஆஸ்பத்திரியில் ஒரே புகார். லேப்பில் ரத்தம் பார்த்து முடித்ததும் ஸ்கிரீனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் ரிசல்ட் சர்வருக்குப் போய், அங்கேயிருந்து வார்டு ஸ்கிரீனில் வரும். சில ரிசல்ட் வருவதில்லை. "லேப்ல அனுப்பலை" என்கிறது வார்டு. "அனுப்பியாச்சு" என்கிறது லேப்.

லேப் என்றால் எமல்டா. பன்னிரண்டு வருஷ சர்வீஸ். கை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம். போன பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் நெட் நின்றுபோனது. "இந்த அண்ணாச்சிக்கு வயரு முறுக்க மட்டுந்தான் தெரியும்" என்று அன்றைக்கு வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஆவுடையப்பனுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

மேனேஜர் குத்தாலிங்கம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த அம்மா அமுக்காமலே அமுக்குனேன்னு சொல்லுது. நீரு பாத்துச் சொல்லும்வே."

ஆவுடையப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில் முதல் வேலையாக ரஹ்மத் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தார். போர்ட் 3 என்று இருந்தது.

மூணு மட்டுமா?

இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றிலும் சிக்கனம். பேச்சிலும் சிக்கனம், போர்ட்டிலும் சிக்கனம். பார்ப்பது என்று ஆகிவிட்டது, ஒன்றைப் பார்த்தால் என்ன, இருபத்து மூன்றைப் பார்த்தால் என்ன? எக்ஸ்ரே, ஸ்கேன், பார்மஸி, ரிசப்ஷன், ஒன்றையும் விடக்கூடாது. மூன்றை அடித்துவிட்டு, சுவிட்சில் ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை என்று போட்டார். லேப்டாப்பை இருபத்து நாலாவது போர்ட்டில் சொருகினார்.

ஸ்கிரீனில் வரி வரியாக ஓடியது பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆவுடையப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப பேசுங்க பாப்போம்!" என்றார், யாரும் இல்லாத அறையில்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் அது நடந்தது.

சண்முகவடிவு என்று ஒரு அம்மாள். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். லேப் மெஷினில் ரிசல்ட் வந்த நேரம் 8.42. ரொம்பக் குறைவு. சாம்பிள் நம்பர் 4417.

வார்டு ஸ்கிரீனில் 4417 வரவே இல்லை.

வராத ரிசல்ட்டை டாக்டர் எங்கே பார்க்க? பதினோரு மணிக்கு அந்த அம்மாளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி ஐ.சி.யு.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகன் மேனேஜர் அறையில் நின்று போட்ட சத்தம் ரோடு வரை கேட்டது. அந்தப் பிள்ளை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"யாராவது ஒருத்தர் இதுக்குப் பொறுப்பு ஏத்துக்கணும்வே," என்றார் குத்தாலிங்கம். "பட்டனை அமுக்கியிருக்கா இல்லையா? உம்ம பெட்டி என்ன சொல்லுது?"

ஆவுடையப்பன் லேப்டாப்பைத் திறந்தார். லட்சக்கணக்கான வரி. அதிலே பில்டர் என்று ஒரு வசதி உண்டு. வேண்டியதை மட்டும் காட்டும், மற்றதை மறைத்துவிடும். லேப் மெஷினிலிருந்து கிளம்பியது மட்டும் தெரிகிற மாதிரி போட்டார். அதற்குள் 4417 என்று தேடினார்.

இல்லை.

இன்னொரு தடவை தேடினார். இல்லவே இல்லை.

சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், அப்போது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். 'வியாழக்கிழமை காலை 8.42 மணிக்கு, சாம்பிள் எண் 4417-இன் முடிவு லேப் மெஷினிலிருந்து அனுப்பப்படவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு விசாரணை," என்றார் மேனேஜர். "அன்னைக்கே எமல்டா கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிருவோம். வெளிய ஒரு நிபுணர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாரும். நாளைக்கு அந்த அம்மா கோர்ட்டு கேஸுன்னு நின்னா நமக்குப் பிடிமானம் வேணும்லா?"

சனிக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் ஜெராக்ஸ் கடை மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். உள்ளே ஆறு மாணவர்கள். ரஹ்மத் போர்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், புடிச்சிட்டேன்! ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க."

ரஹ்மத் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார்.

"எத்தனை போர்ட்டை மிர்ரர் பண்ணுனீங்க?"

"எல்லாத்தையும்!" நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுகூட விடலை."

ரஹ்மத் கையிலிருந்த மார்க்கரை மூடி வைத்தார். ஒரு பெருமூச்சு. பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் அவங்கவங்க தெருப் பேரை அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க. ஒரே நேரத்துல. இப்ப!"

ஆறு பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"யார் யாரு எந்தத் தெரு அண்ணாச்சி?"

"என்ன மேடம் வெளையாட்டு இது? ஒண்ணு ஏதோ மார்க்கெட் தெருன்னு கேட்டுச்சு. இன்னொண்ணு பள்ளிவாசல் தெரு."

"மத்த நாலு பேரும் பேசலையா?"

"பேசுனாங்க. எனக்கு விளங்கலை. ஆனா அது காது மேடம்! இது மெஷின்! மெஷினுக்கு என்ன, எல்லாத்தையும் வாங்கும்லா?"

"உங்க மிர்ரர் போர்ட்டு எத்தனை?"

"ஒண்ணு."

"காலையில எட்டரை மணிக்கு எக்ஸ்ரே படம் போகுமா?"

"அந்த நேரம்தான் நெறையப் போகும். ஒவ்வொண்ணும் அம்புட்டுப் பெருசு."

ரஹ்மத் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படிப் பாக்காதீங்க மேடம்! சொல்ல வந்ததைச் சொல்லுங்க!"

"அசலைச் சேர்க்குறதுதான் சுவிட்சுக்கு வேலை. காப்பிக்கு எடம் பத்தலைன்னா தூக்கிப் போட்டுரும். யார்கிட்டயும் சொல்லாது."

"அப்ப இந்த 4417-ஐயும் தூக்கிப் போட்டுச்சுங்கீங்களா?"

"தெரியாது."

"தெரியாதா!" ஆவுடையப்பனுக்கு உச்சி வரை ஏறிவிட்டது. "உங்ககிட்ட வந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஒரு நாளாவது ஆமா, இல்லைன்னு ஒரு பதில் சொல்லியிருக்கீங்களா? மூணு மணிக்கு அங்க விசாரணை! ஒரு ஆளோட வேலை! ஆமாவா, இல்லையா?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? பதிவான கேப்சர் பூரா உங்ககிட்டல்லா இருக்கு." ரிப்போர்ட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பதிலைப் படிங்க."

"எந்தப் பதிலை?"

ரஹ்மத் மார்க்கரைத் திறந்து போர்டு பக்கம் திரும்பிவிட்டார். வகுப்பு தொடர்ந்தது. ஆவுடையப்பன் அங்கே நின்றதற்கு ஒரு மரியாதையும் இல்லை.

கையெழுத்து இல்லாமல் படியிறங்கினார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார். பதிலைப் படிக்கணுமாம். கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆளெல்லாம் பதிலைப் படின்னு சொல்லுது. இனிமேல் இந்த மாடிப்படியில் காலை வைக்கக் கூடாது.

மேனேஜர் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான். அதில் எமல்டா உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பை. மணி இரண்டே முக்கால்.

வேறு இடமில்லை. ஆவுடையப்பன் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எழுதிட்டீங்களா அண்ணாச்சி?"

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"உள்ள வந்து கேட்டுக்கோம்மா."

எமல்டாவின் குரல் இறங்கியது. இந்த அம்மா இவ்வளவு மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மூத்தவளைக் காலேஜ்ல சேர்த்து மூணு மாசம் ஆகலை," என்றார். "அவ அப்பா வேலைக்குப் போறதில்லை, ஒங்களுக்குத் தெரியும். நான் அமுக்குனேன் அண்ணாச்சி. மாதா சத்தியமா அமுக்குனேன்."

"நீ அமுக்குனா இதுல வந்திருக்கணும்லா?"

"எதுல?"

"இதுல!" ஆவுடையப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தார். "நீயே பாரு. உன் மெஷின்லேருந்து கிளம்புனது பூரா இந்தா இருக்கு. 4417 எங்க இருக்குன்னு காட்டு. காட்டிட்டா இந்த ரிப்போர்ட்டை நான் தின்னுடுதேன்."

எமல்டா குனிந்து பார்த்தார். இல்லைதான். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார்.

"இது நான் அனுப்புனது மட்டுமா?"

"ஆமா."

"எனக்கு வந்தது?"

"அது எதுக்கு? நீ அனுப்புனியா இல்லையாங்கதுதான கேள்வி?"

சொல்லி வாயை மூடவில்லை, ரஹ்மத் சொன்னது மண்டைக்குள் வந்து நின்றது. பதிலைப் படிங்க. சே! இந்த எழவை ஒரு தடவை பார்த்துத்தான் தொலைப்போமே என்று பில்டரை எடுத்துவிட்டார். மறைந்திருந்த வரியெல்லாம் குபுகுபுவென்று வந்தன. 8.42-க்குப் போனார்.

"இந்தா இருக்கே!" எமல்டாவின் விரல் ஸ்கிரீனில் முட்டியது. "4417!"

"அது நீ அனுப்புனது இல்லம்மா. அது சர்வர்லேருந்து உன் மெஷினுக்கு வந்தது."

"என்னன்னு வந்திருக்கு?"

ஆவுடையப்பன் படித்தார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாகப் படித்தார்.

"4417 கிடைத்தது, அப்படின்னு."

எமல்டா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பழைய எமல்டா திரும்பி வந்துவிட்டார்.

"அனுப்பாதது எப்படி அண்ணாச்சி கிடைக்கும்?"

ஆவுடையப்பன் மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தார்.

அந்த வரியைக் கறுப்புப் பட்டை போட்டுக் காட்டியிருந்தது ஸ்கிரீன். பக்கத்தில் அந்த மென்பொருளே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தது. இது எதற்கு வந்த பதிலோ, அந்தப் பேக்கெட்டை, அதாவது அனுப்பிய தகவல் பொட்டலத்தை, நான் பார்க்கவில்லை என்று. அதற்கு மேலேயும் கீழேயும் அதே மாதிரி கறுப்பு வரி. பத்து, இருபது, ஐம்பது. எட்டரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஸ்கிரீன் பூராவும் கறுப்பாகக் கிடந்தது. வியாழக்கிழமையிலிருந்து அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவருக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. இந்தப் பொம்பளைக்கு முன்னாலேயா இது தெரியணும்!

கதவு திறந்தது.

"வாங்க, ரெண்டு பேரும்," என்றார் குத்தாலிங்கம். "ஆவுடையப்பன், நிபுணர் கையெழுத்து?"

"போடலை சார்."

"போடலைன்னா போவுது. உம்ம கையெழுத்து போதும். ரிப்போர்ட்டைக் குடும்."

"ஒரு நிமிஷம் சார்."

ஆவுடையப்பன் உள்ளே போய், மேனேஜர் மேஜையிலிருந்தே ஒரு பேனாவை எடுத்தார். ரிப்போர்ட்டை விரித்து வைத்தார். நின்றுகொண்டே, 'முடிவு' என்ற வார்த்தை வரை விட்டுவிட்டு மிச்சத்தை அடித்தார். அதன் மேல் எழுதினார். எழுதி முடித்து, அடித்த இடத்தில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து.

குத்தாலிங்கம் வாங்கி உரக்கப் படித்தார்.

"வியாழக்கிழமை காலை 8.42 மணிக்கு, சாம்பிள் எண் 4417-இன் முடிவு... போனதை நான் பார்க்கவில்லை. சர்வர் பார்த்திருக்கிறது."

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அப்ப வார்டுக்கு ஏன் வரலை?"

"சர்வர் வரைக்கும் வந்திருக்கு சார். அதுக்கு மேல எங்க நிக்குன்னு இனிமேதான் பாக்கணும். இந்த அம்மாகிட்ட தப்பில்லை."

"என்னவே இது!" குத்தாலிங்கம் தாளை மேஜை மேல் வீசினார். "அந்த அம்மா என்ன செஞ்சுதுன்னு ரிப்போர்ட் கேட்டா, உம்ம கண்ணைப் பத்தி எழுதிக் கொண்டாந்திருக்கீரு!"

"ஆமா சார்," என்றார் ஆவுடையப்பன். "மொதல்ல எழுதுனதும் என் கண்ணைப் பத்தித்தான்."